அண்ணன் செய்த பெட்டி

வேலை செய்யும்போது உதட்டில் இரண்டு மூன்று திருகாணிகளைக் கவ்விக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு ஸ்க்ரூ அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உதிரி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. மதர்போர்டைக் கையில் எடுத்தால், குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் வாங்குவது போல அத்தனை பதமாக எடுப்பாள். பேச்சு மட்டும் நேர் எதிர். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அவளுக்கு ஒரு அண்ணன். தகட்டுப் பட்டறை வைத்திருந்தார். மின்சார மீட்டர் பெட்டி, இரும்பு அலமாரி, தபால் பெட்டி என்று தகட்டை வெட்டி வளைத்துச் செய்கிற எல்லாமே அங்கே உண்டு. அவள் கணவன் அதே பட்டறையில் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். அண்ணனிடம் சம்பளம் வாங்குகிறான். அண்ணனுக்குப் புத்தி சொல்கிற தங்கையோடு குடித்தனம் நடத்துகிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது அவன்தான். அதனாலோ என்னவோ, வாய் பேசுவதையே அவன் குறைத்துக்கொண்டிருந்தான்.

ஊரில் அவசர அழைப்பு மையம் ஒன்று இருந்தது. ஆம்புலன்ஸ் வேண்டுமென்று போன் செய்தால் அங்கேதான் எடுப்பார்கள். அங்கே கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அவற்றின் வெளிப்பெட்டியான கேபினெட்டை மட்டும் தானே செய்து தருவதாகச் சொல்லி அண்ணன் ஆர்டர் கேட்டார். மையத்தின் கொள்முதலைப் பார்க்கும் மேடம் நேரில் வந்தாள். அதிகம் சிரிக்காதவள்.

"பழைய பெட்டி ஒண்ணு சூடாகி, பேசிட்டிருக்கும்போதே அணைஞ்சு போச்சு. அழைப்பு பாதியில நின்னா, அந்தப் பக்கம் இருக்கறவங்க மறுபடி கூப்பிடற நிலைமையில இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அதனால நான் ரெண்டே ரெண்டு விஷயம்தான் பாப்பேன். சூடு தாங்கணும். அப்புறம் எங்க ஆள் யாரோட உதவியும் இல்லாம அதைப் பூட்டணும். அவர் பூட்டும்போது நீங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"தாராளமா வாங்க மேடம்" என்றார் அண்ணன்.

அண்ணன் வரைந்த படத்தைப் பார்த்த அன்றைக்கே தங்கைக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று போவதற்குக் கண்ணாடியின் ஓரங்களில் நீளவாக்கில் இரண்டு சந்துகள் மட்டும்.

"முகத்தை இப்படி மூடிட்டா அது எப்படிண்ணே மூச்சு விடும்?"

"காதோரமா வழி விட்டிருக்கேன்ல. கண்ணு தெரியலையா?"

"நாம மூச்சு விடறது காது வழியாவா?"

அண்ணன் படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இது தேறாது என்று அவள் அப்போதே மனதில் முடிவு கட்டிவிட்டாள்.

முதல் மாதிரிப் பெட்டியைக் கணவன் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். ஓட்டிப் பார்ப்பதற்காக அவள் அதற்குள் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டத் தொடங்கினாள். குறை தேடத்தான் உட்கார்ந்தாள் என்றாலும் நல்லதைப் பார்த்தபோது மறைக்க முடியவில்லை. உள்ளே கை புழங்கத் தாராளமாக இடம் இருந்தது. மதர்போர்டைத் தாங்குகிற குட்டிக் கால்களை ஏற்கனவே பதித்திருந்தார்கள். வயர்களை ஒதுக்குவதற்குப் பின்தகட்டுக்கு அப்பால் ஒரு சந்து. பின்பக்க ஃபேனுக்கு அண்ணன் சொந்தமாக ஒரு யோசனை செய்திருந்தார். வழக்கமாகப் பெட்டிக்குள் கையை விட்டு, ஃபேனை ஒரு கையால் பிடித்து, மறுகையால் நான்கு திருகாணிகளைப் போடுவது பெரும்பாடு. இங்கே அந்த இம்சை இல்லை. ஃபேனை வெளியிலேயே ஒரு சதுரச் சட்டத்துக்குள் வைத்துத் திருகிவிட்டு, சட்டத்தை அப்படியே மேலிருந்து இறக்கினால் போதும். சரக்கென்று நழுவி உள்ளே போய் உட்கார்ந்தது.

"மூளைக்காரன்தான்" என்றாள் அவள், தனக்குள்.

பிறகு அறையின் ஜன்னலைச் சாத்தினாள். ஹீட்டரைப் போட்டாள். அழைப்பு மையத்தில் கம்ப்யூட்டர்களை ஒரு சின்ன அறையில் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று மேடம் சொல்லியிருந்தாள். அந்த வெக்கை இங்கேயும் வேண்டும். பிராசசரை ஓயாமல் வேலை வாங்குகிற ஒரு புரோகிராமை ஓடவிட்டு, திரையில் வெப்பத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. பெட்டியின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். தொண்ணூறைத் தாண்டியதும் ஃபேன்கள் எல்லாம் ஒன்றாக ஓலமிட்டன. மேலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுத் திரை கறுப்பானது.

அவளுக்கு முதலில் வந்தது கவலை இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற நிறைவு.

வியர்வையைக்கூடத் துடைக்காமல் நேராகப் பட்டறைக்குப் போனாள். வேலையாட்கள் எல்லோரும் இருந்தார்கள். கணவன் மெஷினில் நின்றான்.

"இது பெட்டி இல்லண்ணே. அடுப்பு."

சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணன் கையிலிருந்த அளவுகோலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் ஓட்டிப் பாத்தேன். ஜில்லுனுதான் ஓடுச்சு."

"நாலு பக்கமும் திறந்து கிடக்கற இந்தப் பட்டறையில ஓட்டினா ஏன் ஓடாது? அடைச்ச ரூம்ல போட்டுப் பாரு. அணைஞ்சே போச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடறவன் கதி என்ன ஆகறது?"

"நாளைக்கு வா. உன் கண்ணு முன்னாடியே அடைச்ச ரூம்ல ஓட்டறேன்."

மறுநாள் அண்ணன் பட்டறையின் சாமான் அறையைக் காலி செய்து, இன்னொரு பெட்டியைத் தானே பூட்டி வைத்திருந்தார். அதே மாதிரி மதர்போர்டு, அதே பிராசசர், அதே ஹீட்டர். கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனும் தங்கையும் எதிரெதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். எண் எழுபதுக்குப் போனது. எழுபத்து நான்கில் நின்றது. அவள் முறைத்துப் பார்த்தாலும் ஏறவில்லை. மத்தியானம் முழுக்க அங்கேயே நின்றது. உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான் வெந்துபோனார்கள்.

"இப்ப என்ன சொல்றே?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது வாயை மூடத் தெரியாதது அவளுடைய பிறவிக் குணம்.

"நீ இதுல என்னமோ மாத்தியிருக்கே."

அண்ணன் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப நான் ஏமாத்தறேங்கறே. ஆள் சாகற விஷயத்துல நான் கண்ணைக் கட்டி வித்தை காட்டறேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலைண்ணே…"

"வேற எப்படிச் சொன்னே?" கதவைத் திறந்துவிட்டு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்ளே! உங்க பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போங்க. இனிமே இந்தப் பட்டறைப் படி ஏற வேண்டாம்னு சொல்லிடுங்க."

கணவன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டே, "கொட்டின வார்த்தையை அள்ள முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சு அது. அவளுக்குச் சுருக்கென்றது.

மேடம் சோதனைக்கு வருவதற்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை கணவன் வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இது அணைந்ததும் நிஜம். அது ஓடியதும் நிஜம். இரண்டும் ஒரே அச்சில் அடித்த தகடு. பிராசசரின் மேல் சூட்டை உறிஞ்சுகிற ஹீட் சிங்கைக் கழற்றி, இடையிலிருந்த பசையைத் துடைத்து, புதிதாகத் தடவிப் போட்டாள். சூடு குறையவில்லை. முன்பக்க ஃபேன் இரண்டும் ஒழுங்காகக் காற்றை உள்ளே இழுத்தன. பெட்டியைத் திருப்பினாள். எந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டினாலும் கடைசியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பின்பக்க ஃபேனின் வலையருகே பிடித்துப் பார்ப்பது அவள் வழக்கம். வெளியே வருகிற காற்று காகிதத்தைத் தள்ள வேண்டும். இந்தப் பெட்டிக்கு அவள் அதைச் செய்யவே இல்லை. முன்பக்கக் கண்ணாடிதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு பின்பக்கத்தை யார் பார்ப்பது?

காகிதத்தைப் பிடித்தாள்.

அது பறக்கவில்லை. வலையில் போய்ப் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

சூட்டை வெளியே தள்ள வேண்டிய ஃபேன், வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. முன்னாலிருந்தும் காற்று, பின்னாலிருந்தும் காற்று. நடுவில் சூடு போக வழியில்லாமல் சுழன்றிருக்கிறது. சட்டத்தை உருவினாள். நான்கு பக்கமும் ஒரே அளவு. இந்தப் பக்கம் திருப்பினாலும் இறங்கும், அந்தப் பக்கம் திருப்பினாலும் இறங்கும். ஃபேனின் மேல் காற்றுப் போகும் திசையைக் காட்டுகிற சின்ன அம்புக்குறியைச் சட்டத்தின் விளிம்பு மறைத்துவிட்டது. அண்ணன் சரியாக இறக்கியிருக்கிறார், வரைந்தவர் என்பதால். இவள் முன்பின்னாக மாற்றி இறக்கியிருக்கிறாள்.

காது மடல் சுட்டது. எத்தனை கம்ப்யூட்டர் பூட்டிய கை இது! வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் அடுப்பு என்றாள். அண்ணனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லாமல் சொன்னாள்.

சட்டத்தைத் திருப்பி இறக்கி ஓட்டினாள். எழுபத்து மூன்று. அறையில் யாரும் இல்லை. பசை சரியில்லை, மாற்றிவிட்டேன், இப்போது நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அண்ணன் மனசும் ஆறிவிடும், அவள் மானமும் தப்பிக்கும். அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் சட்டம் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானே மாற்றிப் போட்டேன் என்றால், நாளைக்கு மேடத்தோடு வரப்போகிறவன்? அவன் தப்பித்தாலும், அடுத்த வருஷம் தூசி தட்டக் கழற்றி மாட்டப் போகிறவன்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறைப் படியில் ஏறவில்லை. வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

"அண்ணே. தப்பு என்னுதுதான். ஃபேனை முன்பின்னா மாத்திப் போட்டுட்டேன். திருப்பிப் போட்டதும் சரியாயிடுச்சு."

அண்ணன் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. ஊரைக் கூட்டுகிற சிரிப்பு.

"கேட்டீங்களாடா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

வேலையாட்களும் சிரித்தார்கள். கணவன் மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, முட்டியதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சிரிச்சாச்சா? இப்ப நான் சொல்றதைக் கேளு. எனக்கு ஆடத் தெரியும். அது உனக்கும் தெரியும். ஆடத் தெரிஞ்சவளே தடுக்கி விழுந்தா, கூடத்தை ஒரு தடவை குனிஞ்சு பாக்கணுமா வேண்டாமா?"

"பாத்து என்ன செய்யணும்ங்கறே?"

"இந்தச் சட்டம் ரெண்டு பக்கமும் இறங்குது. ஒரு பக்கம்தான் இறங்கணும்."

"எல்லாம் அடிச்சு, பெயிண்ட் போட்டு, காய வெச்சாச்சு. வேணும்னா அம்புக்குறி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டறேன்."

"சூட்டுல ரெண்டே மாசத்துல உரிஞ்சு விழும். விழலைன்னாலும் அவசரத்துல எவன் படிப்பான்?"

"படிக்காதவன் பூட்ட வேண்டாம்!"

அப்போதுதான் பிரஸ் மெஷின் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சட்டத்தோட ஒரு மூலையை லேசா மடிச்சுட்டா போதும் மச்சான். மாத்திப் போட்டா இடிக்கும், இறங்காது. ஒரு அடிதான். பெயிண்ட் அந்த மூலையில மட்டும் போகும், தொட்டு விட்டுக்கலாம்."

அண்ணன் மெல்லத் திரும்பினார். அந்தப் பட்டறையில் அவன் சொந்தமாக ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீங்களும் அவ பக்கமா?"

"நான் பெட்டி பக்கம் மச்சான்."

அண்ணன் சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். மாலைவரை திரும்பவில்லை.

சோதனை நாளன்று காலையில் கணவன் சொன்னான்: "உன்னையும் வரச் சொன்னார். வந்து பாக்கட்டும்னார்."

"மூலையை மடிச்சீங்களா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நேத்து நான் கிளம்பறப்ப அவர் மட்டும் உள்ள இருந்தார்."

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தாள். கூட வந்த டெக்னீஷியன் நல்ல கனத்த ஆள். விரல் ஒவ்வொன்றும் சுத்தியல் பிடி மாதிரி இருந்தது. மேஜைமேல் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். அண்ணன், தங்கை, கணவன் மூவரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், பரீட்சை அறைக்கு வெளியே நிற்கிற பெற்றோர் மாதிரி.

டெக்னீஷியன் வேகமாக வேலை செய்தார். பூட்டும் முறை எழுதிய குறிப்புத் தாளைப் படிக்கவே இல்லை. எடுத்துத் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். மதர்போர்டு உட்கார்ந்தது. பவர் சப்ளை உட்கார்ந்தது. பின்பக்க ஃபேனை எடுத்துச் சட்டத்தில் வைத்துத் திருகினார். சட்டத்தைத் தூக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, அவள் எந்தப் பக்கமாகப் போட்டாளோ அதே தப்பான பக்கமாகப் பெட்டிக்குள் இறக்கினார்.

அவள் வாயைத் திறந்தேவிட்டாள். கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான்.

சட்டம் பாதியில் நின்றது.

"என்னங்க இது, மாட்டுது?" என்று முணுமுணுத்தார் டெக்னீஷியன். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் அமுக்கினார். தகடு கிரீச்சென்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வளைந்துவிட்டால் எல்லாம் போச்சு. மேடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டெக்னீஷியன் கையை எடுத்தார். சட்டத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மூலை அரை விரல் அகலத்துக்கு மடிந்திருந்தது. மடிப்பில் பெயிண்ட் உதிர்ந்து, புதிதாகத் தொட்டுவிட்ட இடம் மட்டும் பளபளத்தது. "ஓ" என்றார். திருப்பினார். இறக்கினார். சரக்கென்று உட்கார்ந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவருக்கும் மூச்சு வந்த அந்த நேரத்தில், "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வயர்களைப் பின்தகட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்த டெக்னீஷியன் கையை உதறினார். விரல் கிழிந்து ரத்தம் மேஜையில் சொட்டியது. கணவன் ஓடிப்போய்ப் பஞ்சும் துணியும் கொண்டு வந்தான். மேடம் எழுந்து வந்து, அந்தச் சந்தின் ஓரத்தைத் தன் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். தகட்டை வெட்டிய இடத்தில் பிசிறு அப்படியே நின்றது.

"இதை யாரும் பாக்கலையா?"

தங்கை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சந்துக்குள் அவளும்தான் கையை விட்டு வேலை செய்தாள். வருஷக்கணக்கில் தகட்டோடும் கம்பியோடும் பழகிக் காய்த்துப்போன விரல்; பிசிறு கீறியது அதற்குத் தெரியவே இல்லை. அண்ணனின் விரலோ அதைவிட மோசம்.

மேடம் பெட்டியைச் சாமான் அறைக்கு எடுத்துப் போகச் சொன்னாள். ஹீட்டர், மூடிய கதவு. எல்லோரும் வெளியே காத்திருந்தார்கள். தேநீர் ஆறி ஆடை படிந்தது, யாரும் தொடவில்லை. கடைசியில் கதவு திறந்தது. மேடத்தின் நெற்றி முழுக்க வியர்வை.

"சூடு பரவாயில்ல. நிக்குது. ஃபேன் மாட்டற விதம் நல்லா இருக்கு, தப்பா போடவே முடியாது. ஆனா எங்க ஆள் கையை அறுக்கற பெட்டியை நான் வாங்க மாட்டேன். ஓரம் எல்லாத்தையும் மழுக்கிட்டுக் கூப்பிடுங்க. மறுபடி வரேன்."

அவர்கள் போனார்கள். அண்ணன் பெட்டியின் முன்னால் குந்தி, விரலை விட்டுத் துழாவினார்.

"எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"எனக்கும்தான்" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் கையை நீட்டி ஓர் அரத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார். மன்னிப்பு, சமாதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நடக்கும். அடித்து முடித்திருந்த எல்லாப் பெட்டிகளின் ஓரத்தையும் ராவி மழுக்க அடுத்த வாரம் முழுக்கப் போனது. அண்ணியும் வந்து உட்கார்ந்து ராவினாள். இனி இந்தத் தகடு என்கிற சொல்லையே கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது முறை மேடம் வந்தபோது கைக்குட்டை ஒன்றைக் கொண்டு வந்து ஒவ்வோர் ஓரமாக இழுத்துப் பார்த்தாள். நூல் எங்கேயும் சிக்கவில்லை. பெட்டிகள் மையத்துக்குப் போயின. அதில் ஒன்றும் அணைந்ததாக இதுவரை தகவல் இல்லை. டெக்னீஷியன் மட்டும் எங்கேயாவது எதிர்ப்பட்டால், விரலைத் தூக்கித் தழும்பைக் காட்டிச் சிரிப்பார்.

முன்பக்கக் கண்ணாடி அவளுக்கு இன்றைக்கும் பிடிக்காது. அடிப்பக்கத் தூசி வலை கழற்றச் சிரமம் என்று அண்ணனோடு இன்னும் சண்டை போடுகிறாள். ஆனால் புதிய பெட்டி எது வந்தாலும் முதலில் பூட்டுவது அவள் இல்லை. அதைக் கணவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவனுக்குப் பிரஸ் மெஷின் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் உட்கார்ந்து, வயரை வயரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேர வேலையை மத்தியானம்வரை இழுப்பான். எங்கே திணறுகிறானோ பெட்டியில் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். அதுவரை அவள் பக்கத்தில் உட்காரலாம், பார்க்கலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் செய்கிற வேலையிலேயே அதுதான் கஷ்டமான வேலை என்று கணவன் சொல்கிறான். இப்போதெல்லாம் அவன் கொஞ்சம் பேசுகிறான்.